சதி மங்காவின் கடைசித் தொகுதிகள்: ‘பில்லி பேட்’டை வைத்து ஓர் எளிய விளக்கம்

“முதல் ஐந்து தொகுதியை ராத்திரி பகல் பார்க்காமல் படித்தேன், பதினைந்தைத் தாண்டியதும் யார் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை, நடுவில் எதையாவது விட்டுவிட்டேனா?” மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைக்குப் புதிதாக வந்த ஒருவர் இப்படிக் கேட்டால், அவர் கையில் இருப்பது அநேகமாக வரலாற்றுச் சதி மர்மம் என்ற வகையைச் சேர்ந்த நீண்ட தொடராகத்தான் இருக்கும். அவர் எதையும் விட்டிருக்க மாட்டார். இந்த வகைக் கதைகள் பின்பாதியில் அப்படித்தான் ஆகும், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பின்பாதியையும் ரசிக்கலாம், குறைந்தபட்சம் எரிச்சல்படாமல் படித்து முடிக்கலாம். உதாரணத்துக்கு நவோகி உராசாவா வரைந்த ‘பில்லி பேட்’ தொடரை எடுத்துக்கொள்கிறேன். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் எந்தெந்த வரலாற்றுச் சம்பவங்கள் கதைக்குள் வருகின்றன என்பதைச் சொல்லாமல் விளக்க வழியில்லை, அதுகூட முன்கூட்டித் தெரியக் கூடாது என்பவர்கள் கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். வரலாற்றுச் சதி மர்மத்துக்கு முதலில் உண்மையாக நடந்த ஒரு சம்பவம் வேண்டும். அதைப் பற்றிப் பதிவான செய்திகள் நிறைய வேண்டும், அந்தச் செய்திகளுக்கு நடுவே யாராலும் நிரப்ப முடியாத ஓர் இடைவெளியும் வேண்டும். கதாசிரியர் அந்த இடைவெளிக்குள் தன் கற்பனை மனிதர்களை அனுப்பி, அங்கே நடந்தது இதுதான் என்கிறார். சாதாரணத் துப்பறியும் கதையில் கொலையைக் கற்பனை செய்தவரே எழுத்தாளர்தான், ஆகவே கொலைகாரன் யார் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். இங்கே கொலை அவருடையது இல்லை. விடை அவரிடமும் கிடையாது. படிக்கிறவருக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டேதான் படிக்கிறார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சதி என்பது இதற்கு மேல் வரும் இரண்டாவது அடுக்கு. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் நடந்த சம்பவங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கை இருந்தது என்று காட்டுவது. ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு தொகுதியில் கதை முடிந்துவிடும். முடிச்சுப் போடத் தொடங்கினால் இருபது தொகுதி ஓடும்.

ஓடத்தான் வேண்டும், ஏனென்றால் ஜப்பானில் மங்கா பிறப்பது புத்தகமாக அல்ல. வார இதழில் தொடராக வருகிறது, ஓர் இதழுக்கு ஏறக்குறைய 20 பக்கம். பத்து அத்தியாயம் சேர்ந்ததும் அதைத் தொகுத்து இருநூறு பக்கச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். நாம் தொகுதி என்று சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். வார இதழில் தொடர்கதை படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற பதைப்பு ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் வேறு தொடருக்குப் போய்விடுவார். ‘பில்லி பேட்’ கோடன்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ என்ற வார இதழில் 2008 அக்டோபரில் தொடங்கி 2016 ஆகஸ்டில் முடிந்தது. மொத்தம் 20 தொகுதிகள். ஏறக்குறைய எட்டு வருடம், சராசரியாக ஐந்து மாதத்துக்கு ஒரு புத்தகம். இன்றைக்கு ஒரே மூச்சில் படிக்கிற நமக்கு ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லை. அன்றைய வாசகருக்கோ, முதல் தொகுதியில் போட்ட முடிச்சு பதினெட்டாவதில் திரும்ப வரும்போது நடுவே பல வருடங்கள் ஓடியிருந்தன.

மங்காவில் இந்தப் பதைப்புக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போவதால், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கண் கடைசியாக நிற்பது இடதுபக்கத்தின் கீழ் இடது மூலையில். அந்த மூலைக் கட்டத்தில் உராசாவா என்ன வைக்கிறார் என்று மட்டும் ஒரு தொகுதி முழுக்கக் கவனித்துப் பாருங்கள். பல தடவை ஒரு முகம் இருக்கும். கண் விரிந்து, வாய் பாதி திறந்து, எதையோ பார்த்து உறைந்த முகம். எதைப் பார்க்கிறது என்பதைக் காட்டமாட்டார். திருப்பினால்தான் தெரியும், சில சமயம் திருப்பினாலும் தெரியாது, காட்சி அப்படியே வேறொரு பத்தாண்டுக்குத் தாவியிருக்கும். மர்மக் கதைக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது என்பேன். தமிழில் அதிகம் வந்த ஐரோப்பியச் சித்திரக்கதைகளில் பக்கம் இடமிருந்து வலமாகப் போவதால் இந்த மூலை வலப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அங்கே ஒரு கதை 46 பக்கத்தில் முடிவது வழக்கம், ஆகவே மூலைக்கு இவ்வளவு வேலை வருவதில்லை.

இனி கதை. 1949. கெவின் யமகாட்டா என்ற ஜப்பானிய அமெரிக்கர் அமெரிக்காவில் ஒரு சித்திரக்கதை வரைந்துகொண்டிருக்கிறார், அதன் நாயகன் ‘பில்லி பேட்’ என்ற துப்பறியும் வௌவால். முதல் அத்தியாயம் அந்தச் சித்திரக்கதையாகவே தொடங்கும், பழைய அமெரிக்கக் காமிக்ஸைக் கையில் எடுத்துவிட்டோமோ என்று தோன்றும். அப்புறம்தான் வரைகிறவர் வருவார். இதே வௌவாலை ஜப்பானில் பார்த்திருக்கிறேன் என்று ஒருவர் தற்செயலாகச் சொல்ல, கெவினுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. போர் முடிந்த காலத்தில் கெவின் ஜப்பானில் வேலை பார்த்தவர். அங்கே எங்கோ கண்ணில் பட்டதை அறியாமலேயே திருடிவிட்டோமோ என்று, அசல் ஓவியரைத் தேடி அனுமதி கேட்க டோக்கியோவுக்குக் கிளம்புகிறார். அங்கே, ரயில்வே தலைவர் ஒருவர் மர்மமாக இறந்த ஷிமோயாமா சம்பவத்தில் போய் மாட்டிக்கொள்கிறார். அதற்குப் பிறகு கதை பாயும் இடங்களைப் பாருங்கள்: யூதாஸ், ஃபிரான்சிஸ் சேவியர், ஓர் ஓலைச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் இகா நிஞ்சா (பழைய ஜப்பானிய ஒற்றன்), அமெரிக்க அதிபர் கென்னடி கொலை, நிலாப் பயணம், 2001 செப்டம்பர் 11. எல்லா இடத்திலும் அந்த வௌவால் இருக்கிறது. அதை வரைகிறவர்களுக்கு நடக்கப்போவது தெரிகிறது, அல்லது அவர்கள் வரைவதுதான் நடக்கிறது. எது என்பதுதான் கதை. உராசாவாவோடு சேர்ந்து கதையை அமைத்தவர் தகாஷி நாகசாகி. அவர் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், ‘மான்ஸ்டர்’, ‘20-ஆம் நூற்றாண்டுப் பையன்கள்’ தொடர்களிலிருந்தே உராசாவாவுக்குக் கூட்டாளி.

எப்படிப்பட்ட இடைவெளியில் கதை தொடங்குகிறது என்பது புரிய ஷிமோயாமா விவகாரத்தை விவரமாகப் பார்த்துவிடுவது நல்லது. கட்டுரையில் பாதி இதற்கே போய்விடும் போலிருக்கிறது, பரவாயில்லை.

போரில் தோற்ற ஜப்பான் அப்போது அமெரிக்கப் படைகளின் ஆளுகையில் இருந்தது. விலைவாசியை அடக்க அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்பது ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கண்டிப்பான உத்தரவு. 1949 ஜூன் 1 அன்று ஜப்பான் தேசிய ரயில்வே தனி நிறுவனமானது, அதன் முதல் தலைவர் ஷிமோயாமா சடனோரி. அவருக்கு வாய்த்த முதல் வேலையே ஆட்குறைப்பு, மொத்தம் ஒரு லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. தொழிற்சங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 4 அன்று முதல் தவணையாக 30,700 பேருக்கு வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஷிமோயாமா வழக்கம்போல ப்யூக் காரில் வீட்டிலிருந்து கிளம்புகிறார். அலுவலகத்தில் காலையில் கூட்டம் இருக்கிறது. அவரோ மிட்சுகோஷி கடைக்கு விடச் சொல்கிறார். நிஹோன்பாஷியில் உள்ள பெரிய, பழைய பல்பொருள் அங்காடி அது. கடை இன்னும் திறக்கவில்லை. அங்கே இங்கே சுற்றச் சொல்கிறார், நடுவே ஒரு வங்கிக்குப் போகிறார், திரும்ப மிட்சுகோஷிக்கே வருகிறார். ஒன்பதரை மணி தாண்டியிருக்கும், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அவ்வளவுதான். ஓட்டுநர் மாலை வரை காத்திருக்கிறார், ஆள் திரும்பவில்லை. நள்ளிரவு தாண்டி, ஜூலை 6 அன்று, டோக்கியோவின் வடகிழக்கு ஓரத்தில், அயசே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜோபன் பாதைத் தண்டவாளத்தில் அவர் உடல் கிடைக்கிறது. ரயில் ஏறித் துண்டு துண்டாகிக் கிடந்த உடல். ரயில்வேயின் தலைவர், அவருடைய ரயிலின் அடியில்.

தற்கொலையா, கொலையா? இங்கேதான் இடைவெளி திறக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர்கள், இறந்த பிறகுதான் ரயில் ஏறியிருக்கிறது என்றார்கள். கேயோ பல்கலைக்கழகத்தில் இல்லை, உயிரோடு இருந்தபோதே என்றார்கள். காவல்துறையின் ஒரு பிரிவு தற்கொலைப் பக்கம் சாய்ந்தது, இன்னொரு பிரிவு கொலைப் பக்கம். அவருடைய மூக்குக்கண்ணாடியும் டையும் கிடைக்கவே இல்லை. அன்று பிற்பகல் தண்டவாளத்துக்கு அருகே ஒரு விடுதியில் அவரைப் போன்ற ஒருவர் சில மணி நேரம் ஓய்வெடுத்ததாகச் சாட்சி வந்தது. தற்கொலை என்பவர்களுக்கு அது பெரிய ஆதாரம். கொலை என்பவர்கள் அந்த அறையின் சாம்பல் கிண்ணத்தைக் காட்டினார்கள். ஷிமோயாமா ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவர், அந்த மனிதர் அத்தனை மணி நேரம் இருந்த அறையில் ஒரு சிகரெட் துண்டுகூட இல்லை. நினைத்துப் பாருங்கள், ஒரு நாட்டின் அரசியலே அல்லாடிய விவகாரத்தில் வாதம் வந்து நிற்பது ஒரு காலிச் சாம்பல் கிண்ணத்தில்.

அதோடும் நிற்கவில்லை. பத்து நாளில், ஜூலை 15 அன்று, மிட்டாகா நிலையத்தில் ஆளில்லாத ரயில் ஒன்று தறிகெட்டு ஓடி ஆறு பேர் செத்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று ஃபுகுஷிமா மாகாணத்தில் மட்சுகாவா என்ற இடத்தில் தண்டவாளத்தை யாரோ கழற்றி வைக்க, ரயில் கவிழ்ந்து ரயில் ஊழியர்கள் மூன்று பேர் செத்தார்கள். மட்சுகாவா வழக்கில் தொழிற்சங்கத்தினர் உட்பட 20 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, கீழ்க் கோர்ட்டில் ஐந்து பேருக்கு மரண தண்டனைகூட விதிக்கப்பட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1963-ல் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று முடிந்தது. அப்படியானால் செய்தது யார்? யாருக்கும் தெரியாது. ஷிமோயாமா வழக்கில் குற்றச்சாட்டு வைக்கும் காலக்கெடுவே 1964-ல் முடிந்துவிட்டது. இந்த மூன்று சம்பவங்களாலும் பழி தொழிற்சங்கத்தின் மேல் விழுந்தது, எதிர்ப்பு ஓய்ந்தது, ஆட்குறைப்பு நடந்து முடிந்தது. நேரே பார்த்தால் சந்தேகம் வராமல் இருக்குமா? எழுத்தாளர் சேய்ச்சோ மட்சுமோட்டோ 1960-ல் அமெரிக்க ராணுவத்தின் கை இருந்தது என்று விரிவாக வாதாடினார். மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 1970-களில் ‘அயாகோ’ மங்காவில் பெயரை மாற்றி இதே சம்பவத்தைக் கொண்டுவந்தார். 2024-ல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி மறுபடி இதைத் தோண்டியது. எழுபத்தைந்து வருடமாக ஆறாத விஷயம்.

ஆக, உராசாவா கெவினை 1949 டோக்கியோவில் இறக்கும்போது அவர் நிற்பது நிஜமான ஓர் ஓட்டைக்கு முன்னால். மிட்சுகோஷியின் வாசலுக்கும் அயசே தண்டவாளத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பது பதிவில் இல்லை. அங்கே ஒரு கற்பனை மனிதனை நுழைத்தால் எதுவும் இடிக்காது. முதல் தொகுதிகள் அப்படி இழுப்பதற்கு உராசாவாவின் வரைகலை ஒரு காரணம்தான், ஆனால் வரலாறே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கதை அடுத்த சம்பவங்களுக்கு நகரும்போது அந்த ஓட்டை என்ன ஆகிறது என்று கவனியுங்கள். 1963 நவம்பர் 22, டல்லஸ். கென்னடி சுடப்படுகிறார், சுட்டதாகப் பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை இரண்டே நாளில் ஜாக் ரூபி என்பவர் காவல்துறைக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்கிறார், ஆக அவர் மீது கோர்ட் விசாரணை என்பதே நடக்காமல் போகிறது. இதுவும் நல்ல ஓட்டைதான். ஆனால் ஷிமோயாமாவைப் போல இருட்டில் நடந்ததல்ல. கூட்டத்திலிருந்த ஒருவர் வீட்டுக் கேமராவில் பிடித்த 26 விநாடிப் படம் இருக்கிறது. கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் கமிஷன் 1964-ல் 888 பக்க அறிக்கை கொடுத்து, ஆஸ்வால்ட் தனியாகத்தான் செய்தார் என்றது. 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவில் ஆஸ்வால்ட் சுட்ட மூன்றைத் தவிர நான்காவதாக ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்பதாக நம்பி, சதி இருந்திருக்கலாம் என்றது, 1982-ல் விஞ்ஞானிகள் குழு அந்த ஒலி ஆதாரத்தை நிராகரித்தது. அதன் பிறகு ஆவணங்கள் மூட்டை மூட்டையாக வெளிவந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டை இருக்கிறது, ஆனால் சுற்றிலும் காகிதம் அடைத்து சின்னதாகிக்கொண்டே வருகிறது. கதாசிரியருக்கு இன்னும் இடம் உண்டு, தாராளமாக இல்லை.

1969 நிலாப் பயணத்தில் ஓட்டையே கிடையாது. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன, அவர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள், 2009 முதல் நிலாவைச் சுற்றும் விண்கலம் இறங்கிய இடங்களைப் படமே எடுத்திருக்கிறது. இங்கே சந்தேகம் என்பது மக்கள் கற்பனையில் இருக்கிற சங்கதி, வரலாற்றில் இல்லை. கதைக்குள் நிலா வரும்போது தொனி மாறுவதை நீங்களே உணர்வீர்கள். கொஞ்சம் கேலி, கொஞ்சம் சினிமாத்தனம். ஷிமோயாமா பகுதியில் வயிற்றைப் பிசைந்த அந்த உணர்வு அங்கே இல்லை, எனக்கு இல்லை.

கடைசித் தொகுதிகளில் 2001 செப்டம்பர் 11. உலகமே நேரலையில் பார்த்த சம்பவம். விமானம் கடத்தியவர்களைச் சேர்க்காமல் 2,977 பேர் இறந்தார்கள், அவர்களுடைய குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அதை விசாரித்த அமெரிக்கக் கமிஷனின் அறிக்கை 2004-ல் வந்துவிட்டது. சதிக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த, உலக வர்த்தக மையத்தின் ஏழாம் எண் கட்டடம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கும், தீயின் சூட்டில் உத்தரங்கள் விரிந்து ஒரு முக்கியத் தூண் பிடிமானம் இழந்ததுதான் காரணம் என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2008 நவம்பரில் விரிவான அறிக்கை கொடுத்தது. ‘பில்லி பேட்’ தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணம் புரிந்திருக்கும். 1949-ல் தொடங்கி இன்றை நோக்கி வரும் கதையில், காலம் நகர நகர வரலாறு தருகிற இடைவெளி சுருங்குகிறது, அதே நேரத்தில் தொடர் போட்டு வைத்த முடிச்சுகளின் எண்ணிக்கை கூடுகிறது. முன்பாதியில் உண்மைச் சம்பவத்தின் மர்மத்தைக் கடனாக வாங்கிச் செலவு செய்த கதாசிரியர், பின்பாதியில் சொந்தப் பணத்தில் வட்டியோடு அடைக்க வேண்டியிருக்கிறது. ஷிமோயாமாவைக் கொன்றது யார் என்று கதை ஒரு விடை சொன்னால், எந்த விடையாக இருந்தாலும் அந்தக் காலிச் சாம்பல் கிண்ணத்தை விடச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு ரகசியச் சங்கம் என்றால், அப்படியா என்போம். ஒரு தனி மனிதன் என்றால், இவ்வளவுதானா என்போம். வௌவாலே கடவுள் என்றால் புத்தகத்தை மூடிவிடுவோம்.

இந்த இடத்தில் சதி மங்காக்கள் வழக்கமாக இரண்டில் ஒரு வழியில் போகின்றன. முதல் வழி, சதியை மேலும் பெரிதாக்குவது, எதிரிக்குப் பின்னால் இன்னோர் எதிரி, அவனுக்கும் பின்னால் ஒருவன் என்று. தொடரை வளர்க்க இது சுலபமான வழி, வாசகர் களைத்துப்போவதும் இதனால்தான். இரண்டாவது வழி, கேள்வியையே மாற்றிவிடுவது. ‘பில்லி பேட்’ முதல் வழியிலும் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. நடுத் தொகுதிகளில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் படிக்க முடியாது. வௌவால் இரண்டாகிறது, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, எது உண்மை சொல்கிறது என்று பாத்திரங்களே குழம்புகின்றன. ஆனால் பின்பாதியில் அது பிடிக்கும் பாதை இரண்டாவதுதான். யார் செய்தது என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய், இந்தக் கதையை வரைவது யார், அவர் எதற்காக வரைகிறார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. கெவின் உருவாக்கிய வௌவால், அவரிடம் உதவியாளராக இருந்த சக் கல்கின் பெயரில் பெரும் வியாபாரமாகி, பில்லிலேண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவாகவே வளர்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் கெவின் குட்மேன் என்ற சிறுவன் எழுந்து வந்து, யமகாட்டாவின் கையிலிருந்த பேனாவை எடுத்துக்கொள்கிறான். கடைசித் தொகுதிகளில் பதைபதைப்பு இருப்பது கொலைகளில் இல்லை. காலியான ஒரு பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஓவியன், நான் இதை வரைந்தால் இது நடந்துவிடுமா என்று தயங்குகிற இடத்தில் இருக்கிறது.

இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். துப்பறியும் கதையாக நினைத்து வந்தவர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட, பதினாறு தொகுதிகளாகக் கொலைகாரனைத் தேட வைத்துவிட்டு, தேட வேண்டியது வேறு என்றால் யாருக்கும் கடுப்பு வரத்தான் செய்யும். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. செப்டம்பர் 11-க்கு ஒரு ‘விடை’ கண்டுபிடித்து வைப்பதைவிட, அதை முன்பே வரைந்துவிட்ட ஒருவனின் திகைப்பைக் காட்டுவது நேர்மையான வேலை. இருந்தாலும் ஒரு குறை எனக்குள் இருக்கிறது. நிஜமாகவே விடை தெரியாத ஷிமோயாமாவையும், விடை முழுக்கத் தெரிந்த நிலாப் பயணத்தையும் ஒரே வௌவாலின் நிழலில் ஒரே மாதிரி நிறுத்தும்போது, வரலாறு தெரியாத இளம் வாசகருக்கு இரண்டும் ஒரே அளவு மர்மம் என்று தோன்றிவிடும். கற்பனைக் கதைக்கு அப்படிப் பாகுபாடு காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, உண்மைதான். படிக்கிறவர் காட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன உபாயம். கதைக்குள் ஒரு தேதியோ நிஜப் பெயரோ வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி, அந்தச் சம்பவத்தைத் தனியாக ஐந்து நிமிடம் தேடிப் படியுங்கள். கதையில் வருகிற எந்த விவரம் பதிவில் இருக்கிறது, எது உராசாவா சேர்த்தது என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு தனிச் சுகம், பாதி நேரம் நம்ப முடியாத விவரம்தான் உண்மையாக இருக்கும். அந்த மிட்சுகோஷி வாசல் அப்படித்தான். அப்புறம், ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்து படிக்கத் தோதாகக் கட்டப்பட்ட கதையை ஒரு வார இறுதியில் விழுங்கினால் அஜீரணம்தான் வரும். பின்தொகுதிகளில் ஒரு பாத்திரம் யாரென்று பிடிபடாவிட்டால் பின்னால் புரட்டத் தயங்க வேண்டாம், முகங்களை உராசாவா அவ்வளவு தனித்தனியாக வரைகிறார், பெயர் மறந்தாலும் மூக்கு ஞாபகம் இருக்கும். நடுவிலிருந்து தொடங்க மட்டும் முயல வேண்டாம், 18-ஆம் தொகுதியை முதலில் எடுத்தால் ஒரு வரிகூடப் புரியாது.

இந்த வகையில் ‘பில்லி பேட்’ கனமாக இருக்கிறது என்றால் உராசாவாவின் ‘20-ஆம் நூற்றாண்டுப் பையன்கள்’ தொடரில் ஆரம்பிக்கலாம். அதில் சதி முழுக்கக் கற்பனை, சின்ன வயதில் நண்பர்கள் விளையாட்டாக எழுதிய உலக அழிவுத் திட்டத்தை யாரோ வளர்ந்த பிறகு நிறைவேற்றத் தொடங்குகிறார்கள். 22 தொகுதிகளும், அதன் தொடர்ச்சியாக வேறு பெயரில் இரண்டும். அந்தத் திட்டத்தை நடத்தும் முகமூடி மனிதர் யார் என்பதில் கடைசித் தொகுதி வந்தபோது வாசகர்களுக்குள் ஏகப்பட்ட வாக்குவாதம். பல வருடம் கழித்து முழுமைப் பதிப்பு போட்டபோது உராசாவா அந்த முடிவை மாற்றிப் புதிதாக வரைந்தார், ஆகவே எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நண்பர்களோடு சண்டையைத் தொடங்குங்கள்.